சதைத் துண்டு சிலைடாகும் வரை: குமரி மாவட்ட ஆய்வகங்களுக்குப் புதிதாக வருவோருக்கு

டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) முடித்து ரத்தம், சிறுநீர், சர்க்கரை என்று பழகியவர்கள் திசுப் பிரிவுக்கு வந்ததும் முதலில் திணறுவது நேரத்தில்தான். அங்கே குழாயில் ரத்தம் வந்த ஒரு மணி நேரத்தில் முடிவு கையில் இருக்கும். இங்கே இன்று வந்த துண்டு நாளைக்கோ மறுநாளைக்கோதான் சிலைடாகும். இடையில் செய்த பிழை அப்போதே தெரியாது. இரண்டு மூன்று கட்டம் தாண்டி, சீவும்போதோ சாயம் ஏற்றும்போதோ தலைகாட்டும். ரத்தம் என்றால் இன்னொரு முறை குத்தி எடுக்கலாம். பயாப்ஸிக்கு, அதாவது சோதனைக்காக வெட்டியெடுக்கும் துண்டுக்கு, நோயாளியை மறுபடியும் மேசையில் படுக்கவைக்க வேண்டும்.

இந்த வேலை புரிய வேண்டுமானால் தண்ணீரைப் பின்தொடருங்கள். துண்டிலுள்ள தண்ணீரை முழுக்க வெளியேற்றினால்தான் மெழுகு உள்ளே போகும். மெழுகோடு சீவிய இழையிலிருந்து மெழுகை நீக்கி, தண்ணீரை மறுபடி உள்ளே விட்டால்தான் சாயம் பிடிக்கும். சாயம் பிடித்தபின் தண்ணீரைத் திரும்பவும் வெளியேற்றினால்தான் கண்ணாடிக்கு அடியில் தெளிவாகத் தெரியும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் காற்றே ஈரமாக இருக்கும் மாதங்கள் அதிகம். வெளியூர் அட்டவணையை அப்படியே சுவரில் ஒட்டிவிட்டு, ஜூன் மாதத்தில் சிலைடு ஏன் மங்கிப்போகிறது என்று விழிப்பவர்கள் இதைத்தான் மறந்திருப்பார்கள்.

பாட்டிலும் பார்மலினும்

குளச்சல், கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துச் சிறு மருத்துவமனைகளில் எடுக்கும் துண்டு பெரும்பாலும் வேறு ஊர் ஆய்வகத்துக்குத்தான் போகிறது. நோயாளியின் உறவினரே பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவதும் உண்டு. பாட்டில் அகன்ற வாயுடையதாக இருக்க வேண்டும். குறுகிய கழுத்துள்ள டானிக் பாட்டிலுக்குள் கர்ப்பப்பைக் கட்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். பார்மலினில் (துண்டு அழுகாமல் காக்கும் திரவம்) விறைத்தபின் பாட்டிலை உடைக்காமல் வெளியே வராது.

பெயரை பாட்டிலின் உடம்பில் ஒட்டுங்கள், மூடியில் வேண்டாம். நான்கு பாட்டிலை ஒரே நேரம் திறந்தால் மூடிகள் இடம் மாறிவிடும். நம் ஊரில் ஒரே நாளில் இரண்டு மேரியும் மூன்று செல்வியும் வருவது புதிதல்ல. அதனால் பெயர், வயது, மருத்துவமனை எண், எந்த உறுப்பு, வலமா இடமா என்ற ஐந்தும் பாட்டிலிலும் சீட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பதிவு எண் கொடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அனுப்பியவரை அழைத்துக் கேளுங்கள். ஊகித்துத் திருத்தக் கூடாது.

பார்மலின் கிடைக்கவில்லை என்று சலைனில் போட்டு அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. சலைன் எதையும் நிலைநிறுத்தாது, அதாவது செல் கெடாமல் காக்காது. செல் தன் சொந்த நொதிகளாலேயே கரையத் தொடங்கும், நம் வெயிலில் இன்னும் வேகமாக. துண்டு வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் இருக்க வேண்டும். விலக்குகளும் உண்டு. அறுவை நடக்கும்போதே முடிவு கேட்கும் உறைவெட்டுக்கும், இம்யூனோபுளோரசன்ஸ் (ஒளிரும் எதிர்ப்பொருள் கொண்டு பார்க்கும் சோதனை) செய்ய வேண்டிய சிறுநீரகத் துண்டுக்கும், தசை பயாப்ஸிக்கும் பார்மலின் ஆகாது. விந்தக (டெஸ்டிஸ்) பயாப்ஸிக்கு வேறொரு நிலைநிறுத்தும் திரவமான புவான் கரைசல் நல்லது. காசநோய்ச் சந்தேகமுள்ள நெறிக்கட்டியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பார்மலினிலும் மறுபாதியைக் கிருமி நீக்கிய சலைனிலும் போட வேண்டும். முழுவதும் பார்மலினில் போனபிறகு அதில் கிருமி வளர்த்துப் பார்க்க வழியே இல்லை.

கடையில் வாங்கும் பார்மலினில் 37 முதல் 40 சதவீதம் பார்மால்டிஹைடு இருக்கும். அதில் 100 மி.லி.யை 900 மி.லி. வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) கலந்தால் பத்து சதவீதப் பார்மலின். உண்மையில் அதிலுள்ள பார்மால்டிஹைடு 4 சதவீதம்தான். இத்தோடு நிறுத்தினால் நாளாக ஆக பார்மிக் அமிலம் உண்டாகி, கரைசல் புளித்துவிடும். ரத்தம் நிறைந்த மண்ணீரல், கல்லீரல் போன்ற துண்டுகளில் அந்த அமிலம் பழுப்புக் கறுப்பான பொடியைப் படியவைக்கும். சிலைடில் அது நிறமித் துகள் போலத் தெரிந்து குழப்பும். இதைத் தடுக்க, ஒரு லிட்டருக்கு சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராமும், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராமும் சேருங்கள். பி.எச். 7-ஐ ஒட்டி நிற்க வேண்டும். எந்தத் தேதியில் கலக்கியது என்பதை கேனில் எழுதி வையுங்கள்.

அளவு துண்டைப்போலப் பத்து முதல் இருபது மடங்கு. பார்மலின் உள்ளே போகும் வேகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான், ஆழம் போகப் போக அதுவும் குறையும். முழு மார்பகத்தையோ கர்ப்பப்பையையோ அப்படியே வாளியில் அமிழ்த்தினால் மறுநாள் மேல்புறம் விறைத்திருக்கும், நடுவில் அழுகியிருக்கும். வந்த உடனே ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கீறி, நடுவே பார்மலினில் நனைத்த காஸ் துணி வைத்து மூழ்கடிக்க வேண்டும். குடலைத் திறந்து, கழுவி, பலகையில் ஊசி குத்தி விரித்து மிதக்கவிடுங்கள். மார்பகத் துண்டுக்குப் பின்னால் ஹார்மோன் ஏற்பிச் சோதனை வரும் என்பதால், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் பார்மலினில் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை வந்த மார்பகத்தைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கீறாமல் வைப்பது இந்தத் துறையில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

ரப்பர் தோட்டம் உள்ள ஊர்களுக்காக ஓர் எச்சரிக்கை. ரப்பர் பால் உறையவைக்கும் பார்மிக் ஆசிட் இங்கே எளிதாகக் கிடைக்கும். பெயர் பார்மலினை ஒத்திருப்பதால் கேன் மாறிப்போக வாய்ப்பு அதிகம். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். லேபிளின் நிறமே வேறாக இருக்கட்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பார்மலினோடு சேரவிடக் கூடாது. இரண்டின் ஆவியும் கலந்தால் புற்றுநோய் தரும் வேறொரு வேதிப்பொருள் உண்டாகும். பார்மால்டிஹைடே புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. காற்றை இழுத்து வெளியேற்றும் விசிறிக்குப் பக்கத்தில், கையுறையோடுதான் கேனைத் திறக்க வேண்டும்.

வெட்டி கேசட்டில் வைப்பது

எங்கே வெட்டுவது என்பது நோயியல் மருத்துவரின் முடிவு. எத்தனை கனத்தில் வெட்டுவது, எந்தப் பக்கம் கீழே என்பதில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. துண்டு 3 முதல் 4 மி.மீ. கனம். கேசட்டை (துண்டு வைக்கும் துளையுள்ள சிறு பெட்டி) மூடும்போது மூடி துண்டை அழுத்தினால் அது கனம் கூடிய துண்டு. அழுத்திப் பூட்டாமல் மறுபடி சீவுங்கள். கேசட்டில் பதிவு எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மையும் சாதாரண மார்க்கரும் ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும், அப்புறம் இருபது வெள்ளை கேசட்டில் எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அரிசி அளவுள்ள எண்டோஸ்கோபி துண்டுகளை வடிதாளில் மடித்து, மேலே ஒரு சொட்டு இயோசின் என்ற சிவப்புச் சாயம் விட்டு வையுங்கள். மெழுகில் புதைக்கும்போது சிவப்பாகக் கண்ணில் படும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புண் பயாப்ஸி நம் பக்கம் நிறைய வரும். நெய்யூர் மருத்துவமனையின் அனுபவத்தை வைத்து, இம்மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே, 1933-இல், வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்று பற்றி மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. இந்தத் துண்டில் மேல்தோல் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. அதனால் வெட்டும்போதே மேற்பரப்புக்குச் செங்குத்தாக வெட்டி, புதைக்கும்போது விளிம்பில் நிற்கும்படி வைக்க வேண்டும். படுக்கப்போட்டால் மேல்தோல் வட்டவட்டத் தீவுகளாகத் தெரியும். பரவாத புண் பரவியது போலத் தோன்றும். தோல், பித்தப்பை, குடல் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். குடல்வால், கருக்குழாய் போன்றவற்றில் குழாயின் வட்டவாய் முழுக்கத் தெரிய வேண்டும்.

எலும்பு, பல், கணையத்தில் கல் உள்ள துண்டு என்றால் முதலில் சுண்ணாம்பை நீக்க வேண்டும். பார்மலினில் முழுதாக நிலைநிறுத்திய பிறகே அமிலத்தில் போடலாம். அவசரப்பட்டு நேரே போட்டால் செல் கரைந்துவிடும். 900 மி.லி. தண்ணீரில் 100 மி.லி. பார்மிக் அமிலம், அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றும் வரிசையில். ரப்பர் கடைச் சரக்கு வேண்டாம், ஆய்வகத் தரமே வாங்குங்கள். துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தினமும் கரைசலை மாற்றுங்கள். ஊசியால் குத்திப் பார்ப்பது துண்டைக் கெடுக்கும் பழைய பழக்கம். அதற்குப் பதிலாக, பழைய கரைசலில் 5 மி.லி. எடுத்து அம்மோனியாவால் நடுநிலையாக்கி, செறிந்த அம்மோனியம் ஆக்சலேட் கரைசல் 5 மி.லி. சேர்த்து அரைமணி நேரம் விடுங்கள். கலங்கினால் இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. இரண்டு முறை தொடர்ந்து தெளிவாக இருந்தால் முடிந்தது. அதற்குமேல் அமிலத்தில் விட்டால் உட்கருவில் ஹிமடாக்சிலின் என்ற நீலச் சாயம் பிடிக்காது. மரபணுச் சோதனை தேவைப்படும் துண்டுக்கு அமிலம் வேண்டாம். மெதுவானாலும் இ.டி.டி.ஏ. கரைசல்தான் சரி.

தண்ணீர் வெளியே, மெழுகு உள்ளே

கையால் செய்வதானாலும் இயந்திரத்தில் விடுவதானாலும் வரிசை ஒன்றுதான். 3 முதல் 4 மி.மீ. துண்டுகளுக்கு ஒரு நல்ல தொடக்க அட்டவணை: 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு மணி, 90 சதவீதத்தில் ஒரு மணி, தனி ஆல்கஹால் (தண்ணீர் கலக்காதது) மூன்று பாத்திரத்தில் ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஒன்றரை மணி, ஆல்கஹாலை நீக்கி மெழுகுக்கு வழிவிடும் சைலீன் இரண்டு பாத்திரத்தில் ஒரு மணி வீதம், உருகிய மெழுகு இரண்டு பாத்திரத்தில் ஒன்றரை, இரண்டு மணி. எண்டோஸ்கோபி துண்டுகளுக்கு இதில் பாதிக்கும் குறைவான நேரம் போதும். பெரிய துண்டுகளோடு ராத்திரி முழுக்க ஓடவிட்டால் நொறுங்கிப்போய், சீவும்போது வறண்ட குளத்து மண்ணைப் போல வெடிப்பு விழும்.

எத்தில் ஆல்கஹாலுக்கு ஆயத்தீர்வை அனுமதி வாங்க அலைய வேண்டும் என்பதால் பல ஆய்வகங்களில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே ஓடுகிறது. திசுவைப் பதப்படுத்த அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சாயங்கள் அதில் சரியாகக் கரையாது. இயோசினை ஆல்கஹாலில் கரைக்க நினைத்தால் அது உதவாது, தண்ணீரில் கரையுங்கள்.

மழைக்காலத்தின் முதல் எதிரி கடைசி ஆல்கஹால் பாத்திரம். தனி ஆல்கஹால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூடியை அரைகுறையாக வைத்த பாத்திரம் ஒரே வாரத்தில் பெயரளவுக்குத்தான் தனி ஆல்கஹாலாக இருக்கும். அதன் அடியில் நீரற்ற காப்பர் சல்பேட்டை ஓர் அங்குலம் போட்டு, மேலே வடிதாள் வைத்துவிடுங்கள். வெள்ளையாக இருக்கும்வரை சரி. நீலம் தட்டியதும் மாற்றுங்கள். மாற்றும்போது கடைசிப் பாத்திரத்தை முன்னே தள்ளி, புதியதைக் கடைசியில் வையுங்கள். முதல் பாத்திரத்துச் சரக்கை மட்டும் வெளியேற்றினால் போதும். சைலீன் கலங்கித் தெரிந்தால் ஆல்கஹாலில் தண்ணீர் மிச்சம் என்று அர்த்தம். கேசட் கூடைகளை உடனே பின்னோக்கி, புதிய தனி ஆல்கஹாலுக்குக் கொண்டுபோங்கள்.

நடுவில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று முன்பே முடிவுசெய்து எழுதி ஒட்டியிருக்க வேண்டும். துண்டு நெடுநேரம் காத்திருக்கத் தகுந்த இடங்கள் பார்மலினும் 70 சதவீத ஆல்கஹாலும். தனி ஆல்கஹாலிலோ சைலீனிலோ ராத்திரி முழுக்கக் கிடந்தால் விறைத்துப்போகும். மெழுகு உறைந்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை, மின்சாரம் வந்ததும் உருகிவிடும். கூடை இரண்டு பாத்திரங்களுக்கு நடுவே அந்தரத்தில் நின்று துண்டு காய்ந்துபோவதுதான் ஆபத்து. கைப்பிடியால் இறக்கும் முறையை முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள்.

உருகுநிலை 58 முதல் 60 டிகிரி செல்சியஸ் உள்ள மெழுகே நம் வெப்பத்துக்கு ஏற்றது. அதைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி மேலே மட்டும் வைத்திருங்கள். 70 டிகிரிக்கு ஏற்றினால் சீக்கிரம் முடியாது, துண்டு பொரிந்துவிடும். சைலீன் வாசம் வீசும் மெழுகு பழசு.

புதைக்கும்போது எல் வடிவப் பித்தளைத் துண்டுகள் வைத்துப் பழகும் இடங்களில், தட்டிலும் துண்டுகளிலும் கிளிசரினை லேசாகத் தடவுங்கள், பிளாக் (துண்டு புதைந்த மெழுகுக் கட்டி) எளிதாகப் பிரியும். முதலில் கொஞ்சம் மெழுகு ஊற்றி, சுடவைத்த இடுக்கியால் துண்டை எடுத்து, பார்க்க வேண்டிய முகம் கீழே இருக்கும்படி அழுத்தி, பிறகு நிறையுங்கள். இடுக்கி ஆறிப்போனால் துண்டைச் சுற்றி மெழுகு தனித் தோலாக உறைந்து, சீவும்போது துண்டு மட்டும் கழன்று விழும். உறைந்த பிளாக்கில் துண்டின் மேற்பரப்பு உள்வாங்கியிருந்தாலோ, நகத்தால் தொட மெத்தென்று இருந்தாலோ தண்ணீர் முழுக்க வெளியேறவில்லை. சீவிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பிளாக்கை உருக்கி, சைலீன், தனி ஆல்கஹால் என்று பின்னோக்கிப் போய் மறுபடி வாருங்கள். பார்மலினில் சரியாக நிலைநிறுத்தாத துண்டுக்கு இந்த வைத்தியமும் இல்லை.

மைக்ரோடோம்

பிளாக்கை மெல்லிய இழைகளாகச் சீவும் கருவிதான் மைக்ரோடோம். முதலில் பிளாக்கை 10 முதல் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனத்தில் முழு முகமும் தெரியும்வரை சீவுங்கள். சிறு பயாப்ஸியில் இங்கேதான் கவனம் வேண்டும். நான்கு சுற்று அதிகமாகச் சுற்றினால் புண் இருந்த பகுதியே குப்பைத் தட்டில் விழுந்திருக்கும். பிறகு பிளாக்கைப் பனிக்கட்டித் தட்டில் முகம் குப்புற ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, 3 முதல் 4 மைக்ரானில் நாடா (ஒன்றோடொன்று ஒட்டி வரும் இழை வரிசை) எடுங்கள். பிளேடின் சாய்வு 3 முதல் 5 டிகிரிக்குள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்றடிக்கும் மாதங்களில் சன்னலையும் சாத்துங்கள், இல்லாவிட்டால் நாடா சுவரில் போய் ஒட்டும். குளிர்சாதனம் இருக்கும் அறை என்றால் பாதி வேலை சுலபம்.

நாடாவில் நெடுக்குக் கோடு விழுந்தால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது, பிளேடை அரை அங்குலம் நகர்த்துங்கள். அதே கோடு நகர்த்திய பின்னும் பிளாக்கின் அதே இடத்தில் வந்தால், உள்ளே தையல் நூலோ சுண்ணாம்புத் துகளோ கிடக்கிறது. குறுக்கே ஏணிப்படி போல வரி விழுந்தால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது, பிளேடு, பிளாக் இரண்டின் திருகையும் இறுக்கிப் பாருங்கள். ஒன்று கனமாகவும் அடுத்தது மெல்லியதாகவும் வந்தாலும் அதே காரணம்தான், அல்லது சாய்வு போதவில்லை. நாடா சுருங்கி நெருங்கினால் பிளேடு மழுங்கிவிட்டது அல்லது பிளாக் சூடாகிவிட்டது. கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை துரு. வேலை முடிந்ததும் மெழுகுத் துகளைத் தூரிகையால் துடைத்து, நகரும் பாகங்களுக்கு மெல்லிய எண்ணெய் போட்டு மூடி வையுங்கள். ஈரத் துணி படவே கூடாது. பிளேடைக் கழற்றும் முன் சக்கரத்தைப் பூட்டுவது கட்டாயம்.

நாடாவை 45 முதல் 50 டிகிரி வெந்நீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் பிரியும். அதைவிடச் சூடானால் மெழுகு உருகி, திசு சிதறிப் பரவும். ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவே நீரின் மேற்பரப்பை டிஷ்யூ தாளால் இழுத்துத் துடையுங்கள். முந்தைய நோயாளியின் புற்றுச் செல் ஒரு துணுக்கு மிதந்து அடுத்தவர் சிலைடில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெந்நீர்த் தொட்டியைத் தினமும் மாலையில் கொட்டிக் காயவைக்க வேண்டும். ஈரம் தங்கிய தொட்டியில் வளரும் பூஞ்சை சிலைடில் ஏறி, நோயாளியின் திசுவில் இருந்தது போலவே தெரியும். திசுவுக்கு மேலான தளத்தில், வேறு குவியத்தில் நின்றால் அது தொட்டிப் பூஞ்சை.

சிலைடில் முட்டை வெள்ளைக்கருவும் கிளிசரினும் சம அளவு கலந்து, ஒரு தைமால் படிகம் போட்ட பசையை விரல் நுனியால் மிக மெல்லத் தேயுங்கள். அதிகமானால் அதுவும் சாயம் ஏற்றுப் பின்னணியில் இளஞ்சிவப்பாகத் தெரியும். எதிர்ப்பொருள் கொண்டு ஏற்றும் இம்யூனோ சாயத்துக்குப் போகும் சிலைடுக்கு இந்தப் பசை கூடாது, பாலி எல் லைசின் பூசியது வேண்டும். எடுத்த சிலைடைச் சாய்த்து நீரை வடியவிட்டு, 60 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம் காயவையுங்கள். மழைக்காலத்தில் கூடுதலாக வையுங்கள். இழைக்கடியில் ஈரம் மிஞ்சினால் சாயத் தொட்டியில் கழன்று போய்விடும்.

ஹிமடாக்சிலினும் இயோசினும்

ஹிமடாக்சிலின் மெக்சிகோவின் கம்பேச்சே பகுதி மரமொன்றின் வைரத்திலிருந்து எடுப்பது. ஆக்சிஜனேற்றம் ஆனபின், படிகாரத்தோடு சேர்ந்துதான் உட்கருவைப் பிடிக்கும். ஹாரிஸ் முறைக்கு: ஹிமடாக்சிலின் 2.5 கிராமை 25 மி.லி. தனி ஆல்கஹாலில் கரைக்கவும். பொட்டாசியம் படிகாரம் 50 கிராமை 500 மி.லி. வெந்நீரில் கரைத்து இரண்டையும் சேர்க்கவும். கொதி வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, சோடியம் அயோடேட் 0.5 கிராம் போட்டு, பாத்திரத்தை உடனே குளிர்நீரில் வைத்து ஆற்றவும். ஆறியபின் கிளேசியல் அசிட்டிக் அமிலம் 20 மி.லி. சேர்க்கவும். பழைய குறிப்புகளில் அயோடேட்டுக்குப் பதில் பாதரச ஆக்சைடு இருக்கும். அது நஞ்சு, கழிவு போக்கவும் வழியில்லை. பயன்படுத்தும் நாளெல்லாம் காலையில் வடிகட்டுங்கள். மேலே உலோகப் பளபளப்பாக மிதக்கும் படலம் சிலைடில் நீலக்கறுப்புப் பொடியாக ஒட்டும். சரக்கு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு விடுங்கள். உடனே நீல ஊதா ஆனால் சரி, செம்பழுப்பாகவே நின்றால் கொட்டிவிடலாம்.

சாயம் ஏற்றும் வரிசை:

1. 60 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, சைலீன் இரண்டு பாத்திரத்தில் ஐந்து நிமிடம் வீதம்.
2. தனி ஆல்கஹால் இரண்டு, 90 சதவீதம், 70 சதவீதம், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம். பின் தண்ணீர்.
3. ஹாரிஸ் ஹிமடாக்சிலின் 5 முதல் 8 நிமிடம். தண்ணீரில் அலசவும்.
4. அமில ஆல்கஹாலில், அதாவது 70 சதவீத ஆல்கஹால் 99 மி.லி., ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி., 5 முதல் 10 வினாடி. உடனே அலசவும்.
5. நீலமாக்குதல், கீழே சொன்னபடி. உருப்பெருக்கியில் பார்க்கவும்.
6. ஒரு சதவீத இயோசின் இரண்டு முதல் மூன்று நிமிடம். ஒருமுறை முக்கி அலசவும்.
7. 90 சதவீதத்தில் சில முக்கல்கள், தனி ஆல்கஹால் மூன்று, சைலீன் இரண்டு.

முதல் படியிலேயே அவசரப்படுபவர்கள் அதிகம். மெழுகு மிச்சமிருந்தால் சிலைடில் சாயமே ஏறாத வெள்ளைத் திட்டுகள் தெரியும். சாயத்தைக் குறைசொல்லிப் பயனில்லை, சைலீனுக்குத் திரும்பிப் போங்கள்.

ஐந்தாவது படியில்தான் நம் ஊர்த் தண்ணீர் விளையாடும். படிகார ஹிமடாக்சிலின் அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம். "குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம்" என்று எழுதியவர் வீட்டுக் குழாயில் சுண்ணாம்பு கலந்த, காரமான தண்ணீர் வந்திருக்கும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி வழியாக வரும் மலைநீரில் கரைந்த உப்பு குறைவு. கிணற்று நீரோ ஊருக்கு ஊர் மாறும், மணக்குடி பக்கம் உவர்ப்பாகவே இருக்கும். பி.எச். தாளில் தொட்டுப் பாருங்கள். 7-க்குக் கீழே என்றால் அரைமணி ஓடவிட்டாலும் உட்கரு ஊதாச் சிவப்பாகவே நிற்கும். ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் மாறும் இடத்தில் குழாயை நம்புவதைவிட ஸ்காட் கரைசலை நம்புவது நல்லது: சோடியம் பைகார்பனேட் 3.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 20 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். ஒன்று இரண்டு நிமிடத்தில் நீலம் வந்துவிடும். அம்மோனியா சொட்டிய தண்ணீரும் வேலை செய்யும், ஆனால் இழை கழன்றுபோகும் அபாயம் உண்டு. நீலமாக்கியபின் நன்றாக அலசுங்கள். காரம் ஒட்டிக்கொண்டு போனால் இயோசின் பிடிக்காது. சாயக் கரைசல் தயாரிக்க எந்தக் கிணற்று நீரும் வேண்டாம், பெட்டிக்கடை பேட்டரி தண்ணீரும் வேண்டாம். வாலைவடிநீரே வாங்குங்கள்.

நீலமாக்கியபின் உருப்பெருக்கியில் பார்க்கும் அரை நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள். உட்கருச் சவ்வும் உள்ளே குரோமாட்டின் மணிகளும் தெளிவாக, சைட்டோபிளாசம் நிறமற்றதாக இருக்க வேண்டும். எல்லாம் நீலமாகத் தெரிந்தால் மறுபடி அமில ஆல்கஹாலில் ஒரு முக்கு. வெளுத்துவிட்டால் ஹிமடாக்சிலினுக்குத் திரும்பலாம். இயோசின் ஏறிய பிறகு இந்தத் திருத்தம் இரட்டை வேலை.

இயோசின் ஒய் 10 கிராமை ஒரு லிட்டர் வாலைவடிநீரில் கரைத்து, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 0.5 மி.லி. சேர்த்தால் நிறம் கூர்மையாகும். ஒரு தைமால் படிகம் போடாவிட்டால் நம் ஈரத்தில் பாட்டிலுக்குள் பூஞ்சை மிதக்கும். நல்ல இயோசின் ஒரே சிவப்பாக இருக்காது. சிவப்பணு பளிச்சென்றும், தசை அதைவிட மங்கலாகவும், கொலாஜன் இன்னும் வெளிறியும், மூன்று தரமாகத் தெரிய வேண்டும். மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் ஆல்கஹாலில் போதுமான அளவு கழுவவில்லை. நீர்கலந்த ஆல்கஹால்தான் இயோசினை இறக்கும், தனி ஆல்கஹால் அவ்வளவாக இறக்காது. அதனால் 90 சதவீதப் பாத்திரத்தில் நின்று கண்ணால் பார்த்து நகருங்கள்.

மூடும்போது டி.பி.எக்ஸ். என்ற ஒட்டும் பசை ஒன்றிரண்டு சொட்டு போதும். சிலைடு சைலீனில் நனைந்திருக்கும்போதே கவர் சிலிப் எனும் மெல்லிய மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்குங்கள். காயவிட்டு மூடினால் உட்கருக்களின் மேல் பழுப்பாக மினுங்கும் காற்றுப் புள்ளிகள் வரும், கார்ன் பிளேக் என்பார்கள். சைலீனில் ஊறவைத்துக் கண்ணாடியைக் கழற்றி, தண்ணீர்வரை பின்னோக்கிப் போய்த் திரும்பினால் சரியாகும். மூடியதும் மூட்டம் போட்டது போலிருந்தால் கடைசி ஆல்கஹாலோ சைலீனோ ஈரம் குடித்திருக்கிறது. மழை நாட்களில் இந்தப் பாத்திரங்களைத் தினமும் மாற்றுவது செலவல்ல.

காசநோய்க்கும் தொழுநோய்க்கும்

இந்த இரண்டு நோய்க் கிருமிகளுக்கான சாயத்தை ஒவ்வொரு முறையும் கிருமி உண்டென்று தெரிந்த ஒரு சிலைடோடு சேர்த்தே செய்ய வேண்டும். அந்தச் சிலைடு சிவக்காத நாளில் நோயாளியின் சிலைடில் "இல்லை" என்று சொல்ல உரிமையில்லை. காசநோய்க் கிருமிக்கான சீல் நீல்சன் முறையில் கார்பால் புக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஆவி எழும்வரை மட்டும் சூடாக்குங்கள். கொதிக்கவிட்டால் படிகம் படியும். குழாய் நீரில் தானாக வாழும் அதே இனத்துப் பாக்டீரியா சிவப்பாகத் தெரிந்து ஏமாற்றும், வாலைவடிநீரில் அலசுங்கள். தொழுநோய்க் கிருமியின் மேலுறை சைலீனிலும் ஆல்கஹாலிலும் சிதையும். அதனால் பைட் முறையில் ஒரு பங்கு கடலை எண்ணெய், இரண்டு பங்கு சைலீன் கலந்து மெழுகை நீக்கி, நிறம் நீக்கும் அமிலத்தையும் சீல் நீல்சனின் 20 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதக் கந்தக அமிலமாகக் குறைத்து, கடைசியில் ஆல்கஹாலில் போடாமல் ஒற்றிக் காயவைத்து மூட வேண்டும்.

கழிவும் காப்பும்

2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மிச்சத் திசுவும் ரசாயனக் கழிவும் மஞ்சள் வகை, பிளேடு துளைபடாத வெள்ளைப் பெட்டி, உடைந்த கண்ணாடி நீல வகை. சைலீனையும் பார்மலினையும் கழிவறையில் ஊற்றாதீர்கள்.

சீவி முடித்த பிளாக்கின் முகத்தில் உருகிய மெழுகை ஒரு தடவை பூசி, எண் வரிசையில், வெயில் படாத உலர்ந்த அலமாரியில் அடுக்குங்கள். எலியும் கரப்பானும் மெழுகைச் சுரண்டும். புற்றுநோய் என்று முடிவான நோயாளிகளில் பலர் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. எனும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போவார்கள். அங்கே சிலைடோடு பிளாக்கையும் கேட்பார்கள். கொடுக்கும் முன் ஒரு சிலைடு கூடுதலாகச் சீவி ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண், எத்தனை பிளாக், எத்தனை சிலைடு, யார் வாங்கினார், என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிலைடுகளைப் பெட்டியிலும் பிளாக்கைத் தனி உறையிலும் போடுங்கள். மெழுகு வெயிலில் இளகும், காரில் போகிறவர்கள் கண்ணாடிக்கு அடியில் வைக்காமல் பைக்குள் வைத்துக்கொள்ளும்படி வாயால் சொல்லியும், உறையின் மேல் தமிழில் எழுதியும் கொடுங்கள்.